நூற்று நாற்பத்தைந்தாம் பக்கம்

எங்கள் அச்சகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அடுக்கு அக்கா என்றால்தான் தெரியும். அச்சாகி மடிந்து வரும் தாள்களை வரிசை தப்பாமல் அடுக்கிப் புத்தகமாக்குவது அவர் வேலை. வேலையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாப்பாட்டு டப்பா, குடை, வாசலில் விட்ட செருப்பு, என் மேசைமேல் கிடக்கும் பேனா, எதைக் கண்டாலும் அடுக்கிவிட்டுத்தான் நகர்வார். அவர் வீட்டுக்காரர் தையல்காரர். "அவர் துணியைத் தைக்கிறாரு, நான் காகிதத்தை அடுக்குறேன், பொண்ணுங்க ரெண்டும் சேர்ந்து வீட்டையே கலைச்சுப் போடுதுங்க" என்பார்.

நான் அங்கே மெய்ப்புத் திருத்துபவன். எழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போயிருந்தால் கண்டுபிடிக்கிற உத்தியோகம். அதனால் அக்கா எனக்கு வைத்த பெயர் புள்ளி. இந்தக் கதையில் நான் நல்லவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் ஏமாந்துபோகக் கூடாது.

அக்கா பத்தொன்பது வயதில் வேலைக்கு வந்தவர். இருபத்தாறு வருடம் ஒரே மேசை. ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கங்கள் அச்சாகும். அதை மடித்தால் ஒரு சின்னக் கட்டு. எங்கள் பாஷையில் அதற்கு ஃபாரம் என்று பெயர். நீள மேசைமேல் ஃபாரங்கள் குவியல் குவியலாக இருக்கும். அக்கா வலது கட்டைவிரலில் ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு மேசையைச் சுற்றி நடப்பார். குவியலுக்கு ஒன்றாக எடுத்து இடது கையில் சேர்த்துக்கொண்டே போவார். ஒரு சுற்று முடிந்தால் ஒரு புத்தகம். மறுபடி முதலிலிருந்து. "நான் நடந்த நடைக்கு இந்நேரம் கடல் வந்திருக்கணும், இந்த மேசைதான் வந்துக்கிட்டே இருக்கு" என்று சிரிப்பார். அவர் கையில் பல்லாயிரம் புத்தகங்கள் உருவாகியிருக்கின்றன. ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை. படிக்கத் தெரியாமல் இல்லை. "சமைக்கிறவளுக்குப் பசிக்குமா?" என்பார்.

அந்தக் காவியம் எங்களிடம் வந்தது இப்படித்தான். ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவர், எழுநூறு வருடங்களுக்கு முன்னால் ஏதோ ஒரு மடத்துத் துறவி எழுதிய பெரிய கவிதையைத் தமிழில் கொண்டுவந்திருந்தார். செத்துப்போன ஒரு மாவு மில்காரன் மறுவுலகத்தில் நடந்து போகிற கதை. அவனுக்கு வழிகாட்ட நினைவு என்று ஒரு நொண்டிக் கிழவி. முதலில் பள்ளம். அங்கே விழுந்தவர்களுக்கு மீட்சி இல்லை. அடுத்தது படிகள். அங்கே இருப்பவர்கள் அழுது அழுது ஏறிவிடலாம். கடைசியில் விடியல். பொறாமை என்றொருவன் விடுதி நடத்துவான். சோம்பல் வாசல் காப்பான், தூங்கிக்கொண்டே. பாதிரியாருக்குப் பள்ளத்தை மொழிபெயர்க்க நான்கு வருடமும், படிகளுக்கு ஒன்பது வருடமும் ஆயின. விடியலை இன்னும் தொடவே இல்லை. நரகம் என்றால் எல்லோருக்கும் கை தானாக ஓடும்போலிருக்கிறது.

முன்னுரையில் அவர் எழுதிய ஒரு வாக்கியத்தை நான் நான்கு முறை மெய்ப்புப் பார்த்தேன். "இக்காவியத்தில் வருகிற எவரும் ஆளல்லர், குணங்கள், ஆகவே இதில் உங்கள் அண்டை வீட்டாரைத் தேடாதீர்கள்." நல்ல அறிவுரைதான். நான் படித்த முதல் நாளே முதலாளியைத் தேடினேன். பொறாமையின் விடுதியில் கிடைத்தார்.

பாதிரியாரின் எண்பதாவது பிறந்த நாளன்று பள்ளமும் படிகளும் இரண்டு பாகங்களாக வெளிவர வேண்டும் என்று முதலாளி தலைகீழாக நின்றார். வழக்கமாக ஒரு மேசையில் ஒரு புத்தகம்தான் அடுக்குவோம். அன்றைக்கு மேசையின் இந்தப் பக்கம் முதல் பாகம், அந்தப் பக்கம் இரண்டாம் பாகம். பாகத்துக்கு ஐந்நூறு பிரதி. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் சொல்லிப் பார்த்தும் முதலாளி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஃபாரம் மாறாமல் இருக்க ஓர் ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு ஃபாரத்தின் மடிப்பிலும் ஒரு கறுப்புக் கட்டம் அச்சாகியிருக்கும். முதல் ஃபாரத்துக்கு உச்சியில், இரண்டாவதுக்குக் கொஞ்சம் கீழே, மூன்றாவதுக்கு இன்னும் கீழே. அடுக்கி முடித்து முதுகைப் பார்த்தால் கட்டங்கள் சரிவாக இறங்க வேண்டும். ஒன்று மாறியிருந்தாலும் சரிவு உடைந்துவிடும். அக்கா பார்க்கக்கூட மாட்டார், விரலால் தடவியே சொல்லிவிடுவார். ஆனால் முதல் பாகத்தின் பத்தாம் ஃபாரமும் இரண்டாம் பாகத்தின் பத்தாம் ஃபாரமும் இடம் மாறினால்? இரண்டும் பத்துதான். கட்டம் ஒரே இடத்தில். பக்க எண்கூட ஒன்றே, 145 முதல் 160 வரை. முதல் பக்கத்தின் அடியில் எறும்பு அளவில் 1-10 அல்லது 2-10 என்றிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்றைக்கு எனக்கு வேலை முடிந்துவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? அக்கா நடக்க நடக்க அவர் பின்னாலேயே நானும் நடந்து காவியக் கதை சொன்னேன்.

"முதலாளிக்குப் பொறாமையோட விடுதியில ரூம் போட்டு வச்சிருக்காங்கக்கா. நம்ம கட்டிங் மெஷின்காரர் சோம்பலுக்கு மச்சான் முறை. பாதிரியார் பாடுதான் கஷ்டம். அவருக்குச் சொர்க்கமே கிடையாது, இன்னும் மொழிபெயர்க்கலையே!"

அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "போடா புள்ளி, பாவம் வந்து சேரும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் நடந்தார், சிரித்துக்கொண்டேதான் எடுத்தார். எப்போது கை தவறியது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

தெரிந்தது மாலையில். எல்லாம் தைத்து, அட்டை போட்டுக் காயவைத்த பிறகு, மேசையில் ஒரே ஒரு 1-10 மிஞ்சியிருந்தது. இரண்டாம் பாகத்துக்கு ஒரு 2-10 குறைந்தது. அக்காவின் முகம் மாறிவிட்டது.

"ஏதோ ஒரு முதல் பாகத்துல தப்பு ஃபாரம் போயிருச்சு. அஞ்ஞூறையும் பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். கண்டுபிடிச்சு, திரும்பத் தைச்சு, பசை காய நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஆகும்."

வெளியீடு மறுநாள் காலை. வண்டி வாசலில் நின்றது. நான்தான் சொன்னேன். இன்னும் என் காதில் அப்படியே கேட்கிறது.

"அத யாருக்கா படிக்கப் போறா? நூத்தி நாப்பத்தஞ்சு பக்கம் தாண்டுற ஆளுக்குப் பள்ளமும் ஒண்ணுதான், படியும் ஒண்ணுதான். கவிதைன்னா இப்படித்தான் தாவும்னு நினைச்சுக்குவான்."

அக்கா மிஞ்சிய ஃபாரத்தைத் தன் இழுப்பறையில் போட்டு மூடினார். கட்டுகள் வண்டியில் ஏறின.

ஒரு வருடம் கழித்து ஒரு காலையில் அந்த ஓட்டுநர் வந்தார். முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவர். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. புத்தகக் கண்காட்சியில் மழைக்கு ஒதுங்கிய கடையில், சும்மா நிற்கக் கூச்சப்பட்டு முதல் பாகத்தை வாங்கியிருக்கிறார். இப்போது அதே புத்தகம் இன்னொன்று வேண்டும், வேறு ஊரில் இருக்கிற மகளுக்கு இங்கிருந்தே அனுப்ப வேண்டும் என்றார். பார்சல் கட்டுவதும் அக்காதான் என்பதால் முதலாளி அவரை உள்ளே அனுப்பிவைத்தார்.

"இத கட்டினது நீங்களாம்மா?" என்று கேட்டார். அக்கா தலையாட்டினார். மனிதர் கைகூப்பிவிட்டார். "ரொம்ப நன்றிம்மா. வீட்டுல போன அன்னிக்கு என்னால நேரத்துக்கு வந்து சேர முடியல. ரூட்ல இருந்தேன். நாலு வருஷமா சரியான தூக்கம் கிடையாது. இதுல நூத்தி நாப்பத்தஞ்சாம் பக்கம் படிச்சப்புறம்தான் தூங்கினேன்."

மனைவியைத்தான் வீட்டில் என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடமாகச் சொன்னார்.

*அழைத்தது கேட்டும் ஆடுகளை எண்ணி முடித்தேன்;*
*எண்ணி வந்து நின்றபோது கட்டில் வெறுமை.*
*பெயர்சொல்லி அழைக்கிறேன் ஆயிரம் ஆண்டாய்.*

*வந்துவிட்டாய் அல்லவா, இப்படி உட்கார்;*
*நடந்த தூரம் உன் காலிலே தெரிகிறது.*

முதல் மூன்று வரிகள் 144ஆம் பக்கத்தின் கடைசி. பள்ளத்தில் கிடக்கும் பிந்தி வந்தவன் சொல்வது. அதற்கடுத்த சரியான வரி எனக்குத் தெரியும்: *சுவர்தான் என் குரலைத் திருப்பிச் சொல்கிறது.* அத்தோடு சரி, அவனுக்குப் பதிலே கிடையாது. அவர் சொன்ன மிச்ச இரண்டு வரிகள் இரண்டாம் பாகத்தில், படிகளில், யாரோ ஒரு சண்டைக்காரனிடம் அவன் தங்கை சொல்வது. அந்த ஒரே ஒரு தப்புப் பிரதி இவர் கைக்குப் போயிருக்கிறது. யாரும் படிக்க மாட்டார்கள் என்றேனே, அதைத்தான் இவர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்.

அவரிடம், "நல்ல வரிகள் சார்" என்றேன்.

"பொண்ணு என்கிட்ட பேசுறதில்ல. அவளும் இத படிக்கணும்" என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி அக்காவிடம் கொடுத்தார். *145லிருந்து படிம்மா. அப்பா.* அவ்வளவுதான் எழுதியிருந்தது. முகவரியைத் தந்துவிட்டுப் போய்விட்டார்.

அக்காவுக்கு எண் போதும். அவர் அப்போதே பாதி புரிந்துகொண்டுவிட்டார். மீதியை நான் சொன்னேன். அக்கா துண்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப இந்தப் பொண்ணு சரியான புத்தகத்தைப் பிரிச்சா என்ன இருக்கும்?"

"சுவர் இருக்கும்."

"அவரு மன்னிப்புக் கேட்டு அனுப்புறாரு. அவளுக்கு, உங்கப்பனுக்கு விடிவே இல்லன்னு போய்ச் சேரும். வேணாம்டா. நான் அவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லிடுறேன். என் கை தப்புன்னு சொல்றேன். அவரே தன் வாயால ஒரு கடுதாசி எழுதட்டும்."

அதுதான் சரியான வழி. இப்போது யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் அன்றைக்கும் வாயைத் திறந்தேன்.

"போய் என்னத்தச் சொல்லுவீங்க? 'நீங்க தூங்குனது தப்புத் தாளை நம்பி, எந்திரிங்க'ன்னா? மனுஷன் இப்பத்தான் தூங்குறாரு. விடுங்கக்கா. அனுப்புற புத்தகத்துலயும் அந்தத் தப்பையே வச்சிட்டாப் போச்சு."

மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும், அக்கா கிடங்கிலிருந்து குறையில்லாத ஓர் இரண்டாம் பாகத்தை எடுத்துவந்து அட்டையைக் கிழித்தார். நூலை அறுத்து 2-10ஐ உருவினார். மகளுக்குப் போக வேண்டிய முதல் பாகத்தையும் பிரித்து, 1-10ஐ எடுத்துவிட்டு, அதைச் செருகித் திரும்பத் தைத்தார். நான் வாசலில் காவல் நின்றேன். இருபத்தாறு வருடத்தில் அவர் வேண்டுமென்றே ஒரு புத்தகத்தைத் தப்பாகக் கட்டியது அந்த ஒரு முறை.

"முதல் தடவ கை தவறுச்சு. இது அப்படியில்ல" என்று மட்டும் சொன்னார். பார்சல் மாலைத் தபாலில் போனது. அதற்குப் பிறகு பல நாட்கள் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. நான் வழக்கம்போலச் சாப்பிட்டேன்.

நான்கு மாதம் கழித்து மகள் வந்தார். ஒல்லியான பெண், முப்பது வயதிருக்கும், கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. பொடி எழுத்தைப் படித்துப் பழகிய கண். நாங்கள் எறும்பு என்று நினைத்த எண்களை அது விட்டுவைக்கவில்லை.

அவர் வந்த நேரம் முதலாளி அறையில் கல்லூரிப் பாடநூல் குழுவின் அதிகாரி உட்கார்ந்திருந்தார். இரண்டு வருட வேலை, மொத்த அச்சகத்துக்கும் போதுமான ஆர்டர். மாதிரிப் புத்தகத்தின் முதுகை அவர் வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அக்காவும் பக்கத்தில் நின்றோம். அந்தப் பெண் நேராக உள்ளே வந்து மேசைமேல் புத்தகத்தை வைத்தார்.

"நூத்தி இருபத்தொன்பதாம் பக்கத்துக்கு அடியில ஒண்ணு-ஒன்பதுன்னு இருக்கு. அடுத்தது ரெண்டு-பத்து. அதுக்கடுத்தது ஒண்ணு-பதினொண்ணு. எங்க ஊர் நூலகத்துல சரியான புத்தகத்தப் பார்த்தேன். அதுல வேற வரிகள் இருக்கு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். எங்கப்பா புத்தகத்துல எது இருந்துது?"

அதிகாரி மாதிரிப் புத்தகத்தைக் கீழே வைத்தார். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. "உட்காருங்கம்மா, அப்பாவையே கேட்டா..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா போன மாசம் போயிட்டாரு."

அந்தப் பெண் நின்றபடியே சொன்னார். குரல் உயரவே இல்லை, அதுதான் கேட்க முடியாமல் இருந்தது.

"அம்மா போன அன்னிக்குக் காலைல பத்து மணிக்கு 'அப்பாவைக் கூப்பிடு'ன்னாங்க. அம்மா அப்படி அடிக்கடி சொல்வாங்க. எனக்கு அன்னிக்கு எரிச்சல். துணி துவைச்சு, காயப்போட்டு, குளிச்சு, ஒரு மணிக்குத்தான் டிப்போவுக்குப் போன் பண்ணினேன். அப்பா வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல. அப்பாவுக்குத் தெரியாதுன்னு நினைச்சுத்தான் அவர் முகத்தப் பார்க்க முடியாம ஊரைவிட்டுப் போனேன். டிப்போல போன் வந்த நேரத்த எழுதி வைப்பாங்க. அவருக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. இந்தத் துண்டுச் சீட்டப் பார்த்தப்புறம்தான் எனக்கே புரிஞ்சுது. ஆட்ட எண்ணிட்டு லேட்டா வந்தது அவரில்ல. நான்."

நானும் அக்காவும், ஓட்டுநர் தனக்கு மன்னிப்புக் கேட்டு அனுப்பினார் என்றே நினைத்திருந்தோம். அவர் மன்னிப்பைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

"என் புத்தகத்துல 'இப்படி உட்கார்'னு இருக்கு. நூலகப் புத்தகத்துல சுவர்தான் இருக்கு. அவர் எதைப் படிச்சிட்டு இத எழுதினாரு? 'வா'ன்னு கூப்பிட்டாரா, 'உனக்கு இதுதான்'னு சொன்னாரா? போன் பண்ணிக் கேட்க ரெண்டு மாசம் தைரியம் வரல. அதுக்குள்ள போயிட்டாரு. தலைமாட்டுல இருந்த புத்தகத்தப் பெட்டிக்குள்ள அவர்கூடவே வைங்கன்னு நான்தான் சொன்னேன். பிரிச்சுப் பார்க்கப் பயம். பார்க்காமலே வச்சிட்டேன்."

"அவர் புத்தகத்துலயும் இதேதாம்மா இருந்துது" என்றார் அக்கா. "சத்தியமா இதேதான். என் கை தப்பு. ஒரே ஒரு பிரதில மாறிப்போச்சு, அதுதான் அவருக்குப் போச்சு. உங்களுக்கு வந்தது... அது நான் வேணும்னே மாத்தி வச்சது."

அந்தப் பெண் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். "வேணும்னேயா?"

முதலாளி எழுந்துவிட்டார். அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார், பல் மட்டும் தெரிந்தது. "அம்மா ஏதோ ஆறுதலுக்குச் சொல்றாங்க. நாப்பது வருஷத்துல எங்க பைண்டிங்ல ஃபாரம் மாறினதே இல்ல. இந்தப் பிரதிய யாரோ பிரிச்சுத் தைச்சிருக்காங்க, தையலப் பார்த்தாலே தெரியுது. எங்க மெய்ப்பு சாரையே கேளுங்க. சொல்லுங்க சார், நம்மகிட்ட ஃபாரம் மாறுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா பார்க்கவில்லை. அவருக்குச் சந்தேகமே இல்லை போலிருக்கிறது, நான் சொல்லிவிடுவேன் என்று.

ஒரே வாக்கியம் போதும். ஆமாம், மாறியது, அன்று மாலை ஒரு ஃபாரம் மிஞ்சியதை நான் பார்த்தேன், உங்கள் அப்பா அந்த வரிகளை என் முன்னால் நின்று மனப்பாடமாகச் சொன்னார், தூக்கம் வந்தது என்றார். இதை அறிந்த இன்னொரு ஆள் உலகத்தில் நான்தான். அதிகாரி மாதிரிப் புத்தகத்தை மறுபடி கையில் எடுத்தார். எத்தனை பேர் சம்பளம், எத்தனை வருட நல்ல பெயர் என்றெல்லாம் பிற்பாடு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நிமிடத்தில் அப்படி எதுவும் தோன்றவில்லை. பயம்தான்.

"மாறாது சார்" என்றேன்.

அந்தப் பெண் புத்தகத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அக்கா தன் இழுப்பறைக்கு ஓடி, அந்த மிஞ்சிய 1-10ஐ எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். முதலாளி என்னை நகரவிடவில்லை, அதிகாரிக்குத் தையல் பிரிவைச் சுற்றிக்காட்டச் சொன்னார். சன்னல் வழியே பார்த்தேன். வாசலில் அக்கா கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். ஊசித் துளையே விழாத அந்த ஃபாரத்தை விரித்துக் காட்டினார். எங்கள் தொழிலில் இருக்கிற யாருக்கும் அந்தப் பதினாறு பக்கம் போதும், வேறு சாட்சி வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு அது வெறும் தாள். அக்காவின் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போய்விட்டார்.

அக்கா திரும்பி வந்து என் மேசை முன்னால் நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"நம்பல புள்ளி. 'என்னத் தேத்துறதுக்காக ஒரு புத்தகத்தையே மாத்திக் கட்டினவங்க, வாயால ஒரு வார்த்தைய மாத்திச் சொல்ல மாட்டீங்களா'ன்னு கேக்குறா. நியாயமாத்தான் கேக்குறா. உள்ள அந்த சாரே மாறாதுன்னு சொன்னாரேங்குறா. அவங்கப்பா அவள மன்னிச்சிட்டாரு. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியல."

ஆர்டர் கிடைத்தது. முதலாளி எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அக்காவை வேலையைவிட்டு நிறுத்தவில்லை, பார்சல் வேலையை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். அக்கா அடுக்குவதை நிறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு புத்தகத்தின் முதுகையும் தடவிய பிறகு ஒருமுறை பிரித்து அடி எண்ணையும் பார்க்கத் தொடங்கினார். வேலை மெதுவானது. முதலாளி முணுமுணுத்தார். என் மேசைப் பேனாக்கள் அதற்குப் பிறகு கிடந்தபடியே கிடந்தன.

எட்டு மாதம் எடுத்துக்கொண்டேன். பிழை திருத்துகிறவனுக்கு ஒரு கடிதம் எழுத எட்டு மாதம். கடைசியில் எழுதினேன். எதையும் மறைக்கவில்லை. மேசையைச் சுற்றிச் சிரிப்புக் காட்டியது, யார் படிக்கப் போகிறார்கள் என்றது, காவல் நின்றது, அதிகாரி முன்னால் சொன்ன பொய், எல்லாம். உங்கள் அப்பா கண்ணை மூடிக்கொண்டு அந்த ஐந்து வரிகளையும் சொன்னார், நான்காவது வரி சுவர் அல்ல, உங்களை உட்காரச் சொன்னதுதான், நான் நேரில் கேட்டேன் என்று அடிக்கோடிட்டு எழுதினேன். பார்சல் பதிவேட்டிலிருந்து முகவரியை எடுத்து, நானே தபால் நிலையத்துக்குப் போய்ப் போட்டேன்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. அழகான, நிதானமான கையெழுத்து.

"ஐயா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். முன்பின் தெரியாத ஒருத்தியின் மனம் ஆற வேண்டும் என்பதற்காக, உங்கள்மேல் இவ்வளவு பழியைப் போட்டுக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் அந்த அக்காவும் மிகவும் நல்லவர்கள். இந்த அன்பை மறக்க மாட்டேன்."

அக்கா தினமும் காலையில் வந்ததும், பதில் வந்ததா என்று கேட்கிறார். இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.